களத்தில் நின்ற தொண்டு அமைப்புகளுக்கு நன்றி தெரிவிப்பது எப்படி: நிதி வழங்கும் அறக்கட்டளைகளுக்கான வழிகாட்டி

2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயல், 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய கொரோனா ஊரடங்கு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழை என ஒவ்வொரு நெருக்கடியும் ஓய்ந்த சில வாரங்களில், நிதி வழங்கும் அறக்கட்டளைகளின் அலுவலகங்களில் ஒரு நன்றிக் கடிதம் தயாராகும். பெரும்பாலும் அது ஒரே வாசகம்தான். பெறுநரின் பெயரை மட்டும் மாற்றி, நிர்வாக அறங்காவலரின் கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டி, நிதி பெறும் எல்லா அமைப்புகளுக்கும் ஒரே நாளில் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். பெற்றுக்கொண்டவர்களும் "நன்றி ஐயா" என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டு, பாதியில் நிற்கும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

இந்த வழிகாட்டி அறங்காவலர்களுக்கும், நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) பொறுப்பாளர்களுக்கும், அந்தக் கடிதத்தை உண்மையில் தட்டச்சு செய்யும் அலுவலக மேலாளர்களுக்கும் உரியது. இதன் அடிப்படை ஒன்றே: நிதி கொடுப்பவர் தெரிவிக்கும் நன்றி, நிதிக்கான நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்றையாவது மாற்றியிருக்க வேண்டும். ஆகவே அறங்காவலர் கூட்டத்தில் முதலில் தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டு, அதன் பிறகே கடிதம் எழுத உட்கார வேண்டும். வரிசை மாறினால், கடிதம் அழகாக அமைந்துவிட்ட திருப்தியிலேயே தீர்மானங்கள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

என்ன நடந்தது என்று முதலில் கேட்டறிதல்

நெருக்கடியின்போது ஓர் ஊர்மட்டத் தொண்டு அமைப்பு செய்யும் வேலையில் பெரும்பகுதி, உங்களோடு அது செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்காது. மாலை நேர வகுப்புகளுக்கு நிதி பெற்ற அமைப்பு, ரேஷன் அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களின் பட்டியலைத் தயாரித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கும். தையல் பயிற்சிக்கு நிதி பெற்ற மகளிர் குழு, ஊரடங்கில் முகக்கவசம் தைத்திருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான மையம், மருந்து கிடைக்காதவர்களுக்கு ஊர் ஊராகப் போய் மாத்திரை கொடுத்திருக்கும். உங்கள் காலாண்டு அறிக்கைப் படிவத்தில் இவற்றுக்கென்று ஒரு கட்டம் இல்லை என்பதால், இவை உங்கள் கோப்புக்கு வந்து சேர்வதில்லை. கோப்பை மட்டும் பார்த்து எழுதினால், "பயிற்சி இலக்கில் 40 விழுக்காடு மட்டுமே எட்டப்பட்டது" என்ற குறிப்பும் "தங்கள் சேவைக்கு நன்றி" என்ற கடிதமும் ஒரே வாரத்தில் ஒரே அமைப்புக்குப் போய்ச் சேரும் விபரீதம் நேரும்.

எனவே தொலைபேசியில் பேசுங்கள். பேரிடர் நடந்த முதல் வாரத்தில் வேண்டாம்; அந்த நாட்களில் அவர்களுடைய தொலைபேசி ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படும். நிவாரண வேலை சற்றுத் தணிந்த பிறகு, முன்கூட்டியே நேரம் கேட்டு, அரைமணி நேரம் பேசினால் போதும். செயலாளரிடம் சொல்லிவிட்டு, களப்பணியாளர் ஒருவரிடமாவது பேசுவது அவசியம், ஏனெனில் செயலாளருக்கு நிதி கொடுப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற பழக்கம் ஏறியிருக்கும்; அவர் குறைகளை மென்று விழுங்கிவிட்டு, எல்லாம் நன்றாக நடந்தது என்றே சொல்வார்.

எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத எந்த வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது, யாருடைய சம்பளம் நின்றது, யாரிடம் கடன் வாங்கினீர்கள், நாங்கள் விதித்த நிபந்தனைகளில் எது குறுக்கே நின்றது ஆகிய நான்கு கேள்விகளையும் தவறாமல் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அதுவரை அமைதியாக இருங்கள். சொன்னவற்றை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள், "இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்களேன்" என்று கேட்டுவிடாதீர்கள். நன்றி சொல்வதற்காக இன்னொரு அறிக்கை கேட்கும் வழக்கம் நம் துறையில் இருக்கிறது என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி.

இந்த உரையாடலில் குறிப்பாகத் தேட வேண்டியது, அவர்கள் மறுத்த உதவிகளை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நடந்தவை இதற்குப் பாடம். தமிழ்நாட்டில் மிக அதிகமான உயிரிழப்பைச் சந்தித்த அந்த மாவட்டத்துக்கு உதவி வெள்ளமாக வந்தது. பழைய துணிகள் யாரும் தொடாமல் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து கிடந்தன. எந்தக் குப்பத்தில் எது தேவை, எது ஏற்கெனவே இரண்டு முறை போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக, மீனவர்களோடு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த அமைப்புகள் முன்னின்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. பின்னர் படகு வழங்கும் போட்டி வந்தபோது, தேவைக்கு மேல் கண்ணாடியிழைப் படகுகள் வந்து இறங்குவதையும், படகு உரிமையாளர்களாக இல்லாத கூலி மீனவர்களும் மீன் விற்கும் பெண்களும் கணக்கிலேயே வராமல் போவதையும் எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. இப்படி "போதும்" என்று சொல்லும் அமைப்பின் செலவுக் கணக்கு உங்கள் மேசையில் பலவீனமாகத்தான் தெரியும், கொடுத்த பணத்தை முழுமையாகச் செலவிடாதவர்கள் என்றுதான் பதிவாகும். நன்றிக் கடிதத்தில் முதல் இடம் பெற வேண்டியவர்கள் இவர்கள் என்பது என் கருத்து.

நிபந்தனைகளைத் தளர்த்துதல்

2020 மார்ச்சில், அமெரிக்காவின் அறக்கட்டளைகள் கூட்டமைப்பு முன்னின்று வெளியிட்ட உறுதிமொழி ஒன்றில் ஏறத்தாழ 800 நிதி வழங்கும் அமைப்புகள் கையெழுத்திட்டன. நடப்பு நிதியுதவிகளின் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது, புதிய நிதியை இயன்றவரை குறிப்பிட்ட திட்டத்தோடு கட்டிப்போடாமல் கொடுப்பது, அறிக்கைகளையும் கள ஆய்வுகளையும் தள்ளிவைப்பது, நிதி பெறுவோரின் பேச்சுக்குக் காதுகொடுப்பது போன்றவை அதில் இருந்தன. அதே ஆண்டு ஜூனில் ஃபோர்டு அறக்கட்டளை 100 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தப் பணத்தைத் தொண்டு அமைப்புகளுக்கு வழங்க முன்வந்தது. நம் ஊரில் ஒரு குடும்ப அறக்கட்டளை கடன் பத்திரம் வெளியிட முடியாதுதான். ஆனால் அந்த உறுதிமொழியில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் பணமே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

தீர்மானம் எழுதும்போது தெளிவாகச் சொல்ல வேண்டியவை சில. எந்தத் தலைப்பில் ஒதுக்கிய தொகையையும் வேறு எந்தத் தலைப்புக்கும் முன் அனுமதியின்றி மாற்றலாமா, அல்லது ஒரு வரம்பு உண்டா? அடுத்த தவணையை அறிக்கைக்காகக் காத்திராமல் எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்? எந்த அறிக்கை தள்ளிப்போகிறது, எது ரத்தாகிறது? திட்டம் நடக்காத மாதங்களுக்கும் சம்பளம், அலுவலக வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றைக் கணக்கில் ஏற்பீர்களா? கடைசியாகக் கேட்டதுதான் மிக முக்கியமானது. ஊரடங்கின்போது பல அமைப்புகளில் நிவாரணப் பொருள்களுக்குப் பணம் இருந்தது, அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. அரிசிக்குப் பணம் கொடுக்க எல்லோரும் முன்வருவார்கள். அரிசி மூட்டையை இறக்கியவருடைய பேருந்துக் கட்டணத்துக்குக் கொடுக்க ஆள் தேட வேண்டும்.

எதை வாக்களிக்கலாம், எதை வாக்களிக்கக் கூடாது என்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு நிதியாக இருந்தால், 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைகள் ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்திருக்கிறது. பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் தடை விதித்திருக்கிறது. ஆகவே வெளிநாட்டு நிதியில் இயங்கும் ஒரு பெரிய அமைப்பிடம் "உங்கள் பகுதியிலுள்ள சிறிய குழுக்களுக்கும் இதிலிருந்து கொடுங்கள்" என்று பெருந்தன்மையாக எழுதிவிடாதீர்கள்; அதை அவர்கள் செய்தால் சட்டச் சிக்கல் அவர்களுக்குத்தான். அதே வேளையில், மருத்துவமனையின் மருத்துவர் சம்பளம், பள்ளியின் ஆசிரியர் சம்பளம் போன்று நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் பணியாளர்களின் சம்பளம் அந்த நிர்வாகச் செலவு வரம்புக்குள் வராது என்பதையும் மறந்து, எல்லாச் சம்பளத்தையும் வெட்டுவது தேவையற்ற பயம்.

சி.எஸ்.ஆர். நிதியில் வேறொரு குழப்பம் பரவலாக இருக்கிறது. நிர்வாக மேற்செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் காட்டி, தொண்டு அமைப்பின் கணக்காளர் சம்பளத்தையும் அலுவலக வாடகையையும் 5 விழுக்காட்டுக்குள் அடக்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அந்த வரம்பு, நிறுவனம் தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்குச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு உரியது. திட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பின் செலவுக்கு விதிக்கப்பட்டதன்று. கால நீட்டிப்பைப் பொறுத்தவரை, திட்டம் 'தொடர் திட்டம்' (ஓராண்டைத் தாண்டி நடப்பது) என்று இயக்குநர் குழுவால் வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் மீதித் தொகையை அதற்கான தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். இல்லையென்றால், செலவாகாத தொகை ஆறு மாதங்களுக்குள் நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள ஏதேனும் ஒரு நிதிக்குப் போய்விடும். ஓராண்டுத் திட்டமாகத் தொடங்கியதையும், தகுந்த காரணத்தைப் பதிவுசெய்து இயக்குநர் குழு தொடர் திட்டமாக நீட்டிக்க விதிகளில் இடமுண்டு. பேரிடரை விடத் தகுந்த காரணம் எது? இந்த வகைப்பாட்டை மார்ச் மாதத்துக்கு முன் செய்து முடித்துவிட்டு, அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்வது, ஒரு பக்கப் புகழுரையைவிட அந்த அமைப்புக்கு மதிப்புள்ளது.

ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்கு நிதி கொடுக்கும்போது வருமான வரி வேறு கணக்குப் போடும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, அப்படிக் கொடுத்த தொகையில் 85 விழுக்காடே அறப்பணிக்குச் செலவிட்டதாக ஏற்கப்படும். மூலதன நிதியாக, அதாவது செலவிடாமல் சேமித்து வைக்கும் நிதியாகக் கொடுப்பது அந்தக் கணக்கிலேயே வராது. "உங்கள் சேமநிதிக்கு ஒரு தொகை தருகிறோம்" என்று உணர்ச்சிவயப்பட்டு எழுதுவதற்கு முன் தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தில் வாக்குறுதி கொடுத்துவிட்டுப் பின்வாங்குவதற்கு, கடிதமே அனுப்பாமல் இருக்கலாம்.

கடிதத்தை எழுதுதல்

இவ்வளவும் முடிந்த பிறகு கடிதம் எழுதுவது எளிது. கற்பனையான ஒரு கடலோர ஊரில் மாலை நேர வகுப்புகள் நடத்தும் அமைப்புக்கு எழுதும் கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும் களப்பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் மழையின்போது, எந்தக் குழந்தையின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்திருந்த உங்கள் ஆசிரியைகள், தாழ்வான தெருக்களில் இருந்த முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் முதல் நாளிலேயே பள்ளிக் கட்டடத்துக்கு அழைத்து வந்ததை உங்களோடு பேசியபோது அறிந்தோம். சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களின் பட்டியலைத் தயாரித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்ததும், இரண்டாவது முறை வந்த போர்வைகளை இறக்காமல் அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்ததும் எங்கள் ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படாத வேலைகள். அவற்றைச் செய்ததற்காக எங்கள் அறங்காவலர்கள் அனைவரின் சார்பிலும் நன்றி தெரிவிக்கிறோம். அந்த நாட்களில் வகுப்புகளுக்கான நிதியிலிருந்து படகு வாடகைக்கும் உணவுக்கும் நீங்கள் செலவிட்டதை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடான தொகையை வகுப்புகளுக்காகத் தனியே வழங்குகிறோம். மார்ச் தவணையை இம்மாதமே அனுப்புகிறோம். இந்தக் காலாண்டுக்கு அறிக்கை தேவையில்லை. வகுப்புகள் நடக்காத வாரங்களுக்கும் ஆசிரியைகளின் சம்பளத்தை முழுமையாகக் கணக்கில் காட்டலாம். இவற்றுக்காக நீங்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை."

இதில் 'எங்கள் நிதியுதவியால்' என்ற தொடர் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நன்றிக் கடிதத்தில் கொடுத்தவருடைய பெருமை நுழைவது அந்தத் தொடரின் வழியாகத்தான். 'எங்கள் பயனாளிகள்' என்பதும் அப்படியே. அந்த மக்கள் அவர்களுடைய ஊர்க்காரர்கள், உங்களுக்குப் பயனாளிகளாக ஆனது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்துதான். 'தன்னலமற்ற', 'தியாகம்', 'ஊண் உறக்கமின்றி' போன்ற சொற்களையும் நீக்கிவிடுங்கள். குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவரின் தியாகத்தைப் புகழ்வது, அந்தச் சம்பளம் குறைவாகவே இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். அதுவும் சம்பளத்தை நிர்ணயிக்கும் இடத்தில் இருப்பவர் புகழ்ந்தால் இன்னும் மோசம்.

கடிதம் தமிழில் இருக்கட்டும். அலுவலகக் கோப்புக்கு ஆங்கிலப் படி தேவையென்றால் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஊர்மட்ட அமைப்புகளில் இத்தகைய கடிதத்தை மாதக் கூட்டத்தில் உரக்கப் படிப்பார்கள். சமையல் செய்தவரும் ஆட்டோ ஓட்டியவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். களப்பணியாளர்களின் பெயர்களைச் சேர்ப்பது நல்லது, ஆனால் யார் யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள், ஏனெனில் விடுபட்டுப் போன ஒரு பெயர் அந்த அமைப்புக்குள் பல மாதங்களுக்கு மனத்தாங்கலாக நிற்கும். கையெழுத்து பேனாவால் இடப்பட வேண்டும். சில பெயர்கள் பதிவுபெற்ற அமைப்புக்கு வெளியிலும் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டபோது, மீட்புப் படையினர் வருவதற்கு முன்பே அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் அருகிலிருந்த ஊர் மக்கள். அத்தகையவர்களுக்கு உங்கள் அறக்கட்டளை நிதி கொடுக்க வழி இருக்காது. கடிதத்தில் அவர்களுக்கும் ஒரு வரி எழுதத் தடை ஏதுமில்லை.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாளையும் இணையுங்கள்: 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று தொடங்கும் ஒரு பரிந்துரைக் கடிதம். எத்தனை ஆண்டுகளாக இவர்களோடு வேலை செய்கிறீர்கள், கணக்கு எப்படி இருக்கிறது, நெருக்கடியில் என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, வேறு நிதி வழங்குவோரிடம் இதைக் காட்டலாம், எங்களைத் தொடர்புகொண்டும் கேட்கலாம் என்று முடியுங்கள். சிறிய அமைப்புகளுக்கு அடுத்த நிதியைத் தேடும்போது மிகவும் இல்லாமல் போவது, அவர்களுக்காக வாய் திறந்து சொல்ல ஒருவர். நீங்கள் இலவசமாகக் கொடுக்கக்கூடிய மிக விலை உயர்ந்த பொருள் இதுதான்.

விழா, பொன்னாடை, புகைப்படம்

தவிர்க்க முடியுமானால் தவிருங்கள். மாவட்டத் தலைநகரிலோ சென்னையிலோ ஒரு மண்டபத்தில் பொன்னாடையும் கேடயமும் கொடுக்கும் பாராட்டு விழாவுக்கு, ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் இரண்டு பேர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, தங்கள் செலவில் வர வேண்டியிருக்கிறது. விழா வேண்டும் என்று அறங்காவலர்கள் பிடிவாதமாக இருந்தால், அவர்களுடைய ஊருக்கு நீங்கள் போங்கள். சாப்பாட்டுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் இலச்சினை பொறித்த பேனரைக் கொண்டுபோகாதீர்கள். நிவாரணம் வாங்கிய மக்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லும் ஆண்டறிக்கை வடிவமைப்பாளரை அறங்காவலர்களே தடுக்க வேண்டும், தொண்டு அமைப்பால் தடுக்க முடியாது.

நிதி நிற்கப்போகிறது என்றால்

நெருக்கடி கொடுப்பவரையும் பாதிக்கும். நிறுவனத்தின் லாபம் குறைந்தால் சி.எஸ்.ஆர். தொகையும் குறையும், ஏனெனில் அது முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு. ஒரு மோசமான ஆண்டின் தாக்கம் அடுத்தடுத்த ஆண்டுகளில் பரவி வரும் என்பதால், அதை முன்கூட்டியே கணித்துச் சொல்லவும் முடியும். அப்படிக் குறையப்போகிறது என்று தெரிந்தால் உடனே, தொலைபேசியில், நன்றியோடு கலக்காமல் சொல்லுங்கள். புகழ்ந்து எழுதிய கடிதத்தின் கடைசிப் பத்தியில் "எனினும், தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கும் வாக்கியத்தை ஒரு முறை வாங்கியவர்கள், அதன் பிறகு உங்களிடமிருந்து வரும் எந்த நன்றிக் கடிதத்தையும் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள்.

அனுப்பும் முன் கடைசியாக ஓர் அலுவலக வேலை. சி.எஸ்.ஆர். பொறுப்பாளர்கள் மாறுவார்கள், அறங்காவலர்களின் பதவிக்காலம் முடியும். புதிதாக வருபவர் பழைய கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இது முந்தையவர் சொந்தமாகச் சொன்னது, எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே கடிதத்தில் வாக்களித்த ஒவ்வொரு தளர்வும் கூட்டக் குறிப்பேட்டில் தீர்மானமாக ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்து, தீர்மான எண்ணையும் கூட்டத் தேதியையும் கடிதத்தின் அடியில் குறிப்பிட்டு, அதன் நகலை அந்த அமைப்பின் ஒப்பந்தக் கோப்பிலேயே, ஒப்பந்தத்துக்கு மேலாக வைத்துக் கட்டுங்கள்.